கல்லூரி எவ்வளவு தூரம்? விருப்பப் பட்டியலுக்கு முன்பே முடிவாகட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ தேர்வு முடிவு வந்ததும் எந்தப் பாடப்பிரிவு, கட்-ஆஃப் எவ்வளவு, எந்தக் கல்லூரிக்குப் பேர் என்று வீடுகளில் ஒரு மாதம் பேச்சு ஓடுகிறது. தினமும் போய்வருவதா, விடுதியில் தங்குவதா என்ற பேச்சு மட்டும் ஒதுக்கீட்டு ஆணை கைக்கு வந்த பிறகுதான் தொடங்குகிறது. அப்போது முடிவெடுக்க மிஞ்சுவது நாலைந்து நாள். அந்த அவசரத்தில் எங்கள் தேனி மாவட்டத்துப் பிள்ளைகள் பலர் எடுப்பது இரண்டுங்கெட்டான் தூரம்: தங்கிப் படிக்கும் அளவுக்குத் தொலைவு, ஆனால் தினமும் போய்வர வேண்டியது என்ற ஏற்பாடு. கலந்தாய்வு நெருங்கும் இந்நேரத்தில் பெற்றோர்களும் உயர்கல்வித் துறையும் கவனிக்க வேண்டிய சில விவரங்களை எழுதுகிறேன்.

தேனியிலிருந்து மதுரை சுமார் 75 கிலோமீட்டர். 'ஒன்றரை மணி நேரம்தானே' என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது காரில் போகிறவர் கணக்கு. பேருந்தில் ஆண்டிபட்டி நிறுத்தம், கணவாய் ஏற்ற இறக்கம், உசிலம்பட்டிக்குள் நெரிசல், பிறகு செக்கானூரணி, நாகமலைப் புதுக்கோட்டை எல்லாம் தாண்டி ஆரப்பாளையம் போய் இறங்க இரண்டு மணி நேரம் சாதாரணமாக ஆகும். ஆரப்பாளையத்தில் இறங்கியதும் கல்லூரி வந்துவிடாது. திருப்பரங்குன்றம் பக்கம் போக ஒரு நகரப் பேருந்து, அழகர்கோவில் சாலை அல்லது மேலூர் சாலை பக்கம் போக நகரத்தையே குறுக்கே கடக்கும் இன்னொரு பயணம். கல்லூரியின் பெயரோடு 'மதுரை' என்று இருந்தால் போதாது. அது மதுரைக்கு எந்தப் பக்கம் என்பதில் ஒரு மணி நேர வித்தியாசம் இருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகம் இருக்கும் தேனி சாலைப் பக்கத்துக் கல்லூரி என்றால் நகருக்குள் நுழையாமலே இறங்கிவிடலாம். கிழக்குப் பக்கம் என்றால் தேனி நகரத்துப் பிள்ளைக்கே வீட்டு வாசலிலிருந்து வகுப்பறை வரை மூன்று மணி நேரம் ஆகும். கம்பம், கூடலூர் பிள்ளைகளுக்கு இதற்கு மேல் ஒரு மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

போக மூன்று, வர மூன்று என்று நாளொன்றுக்கு ஆறு மணி நேரம். ஆண்டுக்கு 180 வேலை நாள் என்று வைத்தால் 1,080 மணி நேரம். இரவு பகல் சேர்த்து முழு நாளாகக் கணக்கிட்டால் 45 நாள். நான்கு ஆண்டுப் பொறியியல் படிப்புக்கு 180 நாள், அதாவது அரை வருடம் பேருந்துக்குள்ளேயே போகிறது. உட்கார இடம் கிடைத்தால் படித்துக்கொண்டே போகலாம் என்பார்கள். வளைவுச் சாலையில் நின்றுகொண்டு வரும் பிள்ளை கையில் புத்தகத்தைப் பிடிக்க முடியாது, கம்பியைத்தான் பிடிக்கும்.

தூரம் முதலில் அடிப்பது வருகைப் பதிவை. அண்ணா பல்கலைக்கழக விதிப்படி பருவத் தேர்வு எழுத 75 விழுக்காடு வருகை வேண்டும். 65-க்கும் 75-க்கும் இடையில் இருந்தால் மருத்துவம் போன்ற தக்க காரணம் காட்டி அனுமதி கேட்கலாம். அதற்கும் கீழே போனால் அந்தப் பருவத்தையே திரும்பப் படிக்க வேண்டியதாகிவிடும். தூரத்திலிருந்து வருகிறவருக்கு முழு நாள் விடுப்பு அதிகம் இருக்காது. முதல் மணி நேர வகுப்புதான் போய்க்கொண்டே இருக்கும். திங்கட்கிழமை கூட்டம், மழை, சாலை வேலை, ஊர்த் திருவிழாவுக்கு மாற்றிவிட்ட பாதை என்று வாரத்தில் ஒரு நாளாவது தாமதம். முதல் மணியில் எந்தப் பாடம் அட்டவணையில் அடிக்கடி வருகிறதோ அந்த ஒரு பாடத்தில் மட்டும் வருகை சரிந்துகொண்டே போவதை நவம்பரில்தான் பார்க்கிறார்கள். முதல் பருவத்தில் அது கணிதமாக அமைந்துவிட்டால் பின்தங்கல் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

அடுத்த இழப்பு மாலை நேரம். கல்லூரிப் பேருந்து நாலேகாலுக்குப் புறப்படுகிறது என்றால் அதில் வருகிற பிள்ளைக்குக் கல்லூரி நாலு மணியோடு முடிந்துவிட்டது. நூலகம், ஆய்வகத்தில் கூடுதல் நேரம், செய்முறைத் திட்ட வேலை, வேலைவாய்ப்புப் பயிற்சி, நிறுவனங்கள் நடத்தும் முன்விளக்கக் கூட்டம் என்று எல்லாம் வகுப்பு முடிந்த பிறகுதான் நடக்கின்றன. மூன்றாம் ஆண்டில் குழுவாகத் திட்டம் செய்யும்போது விடுதிப் பிள்ளைகள் இரவு உட்கார்ந்து முடிக்கிற வேலையில் இவர் பெயர் மட்டும் இருக்கும், கை இருக்காது. நல்ல கல்லூரி என்று தேடிப் போய்விட்டு, அந்தக் கல்லூரியை நல்ல கல்லூரியாக்கும் நேரத்தை மட்டும் விட்டுவிட்டு வருவது எவ்வளவு பெரிய நட்டம்!

'தனியார் பேருந்து வேண்டாம், கல்லூரிப் பேருந்து வாசலுக்கே வரும்' என்பது இன்னொரு நம்பிக்கை. கேட்க வேண்டியது, அந்த வண்டி நம் நிறுத்தத்துக்கு எத்தனை மணிக்கு வருகிறது, நமக்குப் பிறகு எத்தனை நிறுத்தம் என்பது. தடத்தின் முதல் நிறுத்தத்தில் ஏறுகிறவருக்கும் கடைசி நிறுத்தத்தில் ஏறுகிறவருக்கும் ஒரே வண்டியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம் வரும். போதிய பிள்ளைகள் சேராவிட்டால் அடுத்த ஆண்டு அந்தத் தடத்தைச் சுருக்கி, பக்கத்துப் பெரிய ஊருக்கு வந்து ஏறிக்கொள்ளச் சொல்வதும் உண்டு. தேர்வு நாட்களில், சனிக்கிழமை வகுப்பில் வண்டி ஓடுமா என்பதையும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

சலுகைகள் பற்றியும் தவறான கணக்குகள் நிறைய. பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துக்குத்தான். தேனி-மதுரை புறநகர்ப் பேருந்தில் செல்லாது. அரசுக் கல்லூரி மாணவருக்குத் தரும் இலவச அட்டை, தனியார் கல்லூரி மாணவருக்குத் தரும் சலுகை அட்டை இரண்டுக்கும் எந்தப் பேருந்து, எந்தத் தடம் என்ற வரையறை உண்டு. கிடைத்த வண்டியில் ஏறிவிட முடியாது.

ரயிலில் நல்ல சலுகைகள் இருக்கின்றன. பட்டப்படிப்பு வரை மாணவிகளுக்கு வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையே இரண்டாம் வகுப்பு மாதாந்திரச் சீசன் சீட்டு இலவசம். ரயில் வசதியுள்ள ஊர்களில்கூட இதைப் பயன்படுத்தாமல் விடுகிறவர்கள் அதிகம். ஆனால் சீட்டு இலவசம் என்றால் மட்டும் போதாது, வண்டி நேரத்துக்கு வர வேண்டும். அகலப்பாதைப் பணிக்குப் பிறகு 2022 மே மாதம் தேனிக்கு ரயில் வந்தபோது விடப்பட்ட வண்டி காலையில் மதுரையில் புறப்பட்டு மாலையில் தேனியிலிருந்து திரும்பியது. மதுரையிலிருந்து தேனிக்கு வேலைக்கு வருகிறவருக்கு அது வசதி. தேனியிலிருந்து மதுரைக்குப் படிக்கப் போகிற பிள்ளைக்கு நேர் எதிர். காலை ஆறரை மணி வாக்கில் போடியில் புறப்பட்டு எட்டரைக்குள் மதுரை சேரும் ஒரு வண்டி, மாலை ஐந்தரைக்கு மேல் திரும்பும் ஒரு வண்டி இருந்தால் இந்தக் கடிதத்தில் பாதி தேவைப்படாது. தென்னக ரயில்வே இதைக் காதில் வாங்க வேண்டும்.

சரி, எவ்வளவு தூரம் போகலாம்? என் கருத்து இது: வாசலிலிருந்து வகுப்பறை வரை ஒரு பக்கம் ஒன்றேகால் மணி நேரத்துக்குள் என்றால் வீட்டிலிருந்து போய்வரலாம். அதற்கு மேல் போனால் விடுதியில்தான் தங்க வேண்டும். விடுதி என்று முடிவாகிவிட்டால் 75 கிலோமீட்டருக்கும் 200 கிலோமீட்டருக்கும் உண்மையில் பெரிய வித்தியாசம் இல்லை. மதுரையில் தங்குகிற பிள்ளையும் மாதம் ஒருமுறையோ இருமுறையோ வருகிறது, கோயம்புத்தூரில் தங்குகிற பிள்ளையும் அப்படித்தான். ஆகவே விடுதிக்கு அனுப்பத் துணிந்த வீடு மதுரையோடு நின்றுவிட வேண்டியதில்லை. கோயம்புத்தூர், காரைக்குடி, சேலம், திருநெல்வேலி அரசுப் பொறியியல் கல்லூரிகளையும் சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி, குரோம்பேட்டை வளாகங்களையும் மதிப்பெண்ணுக்கு ஏற்பப் பட்டியலில் சேர்க்கலாம். விடுதிக்கு அனுப்பத் துணியாத வீடு போடி மேலச்சொக்கநாதபுரத்தில் உள்ள அரசுப் பொறியியல் கல்லூரியை முதலில் பார்க்கட்டும். தேனியிலிருந்து போடி 15 கிலோமீட்டர்தான். சட்டம் என்றால் 2019 முதல் தேனியிலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. தோட்டக்கலைக்குப் பெரியகுளம் கல்லூரிக்கு வெளிமாவட்டத்துப் பிள்ளைகள் வந்து தங்கிப் படிக்கிறார்கள். உள்ளூர்ப் பிள்ளைகளில் எத்தனை பேர் அதை யோசிக்கிறார்கள்?

தூரம் போவதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் தன்னாட்சி இல்லாத எல்லாவற்றிலும் பாடத்திட்டம் ஒன்று, வினாத்தாள் ஒன்று, பட்டம் ஒன்று. வீட்டருகே இருப்பதும் எழுபது கிலோமீட்டர் தள்ளி இருப்பதும் அந்த வகைக் கல்லூரிகளே என்றால், கட்டடத்தின் பளபளப்பைத் தவிர என்ன கூடுதலாகக் கிடைக்கிறது என்று பார்க்க வேண்டும். இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விழுக்காட்டைப் பருவவாரியாகப் பல்கலைக்கழகம் வெளியிடுகிறது. இரண்டு கல்லூரியையும் எடுத்துக் குறைந்தது நான்கு பருவங்களுக்கு ஒப்பிடுங்கள். நாம் சேரப்போகும் பிரிவில் எத்தனை பேர் வேலைக்குப் போனார்கள் என்று தனியாகக் கேளுங்கள். கல்லூரி மொத்தத்துக்கும் சேர்த்துச் சொல்லும் எண் உதவாது. கலை அறிவியல் படிப்புக்கு இது இன்னும் பொருந்தும். பி.காம்., பி.ஏ., பி.எஸ்சி. கணிதம் படிக்க இரண்டு மணி நேரம் பயணம் செய்ய வேண்டிய தேவை இந்த மாவட்டத்தில் யாருக்கும் இல்லை. உத்தமபாளையத்தில், போடியில், ஆண்டிபட்டியில், வீரபாண்டியில், பெரியகுளத்தில் கல்லூரிகள் இருக்கின்றன.

இனி பொறியியல் விருப்பப் பட்டியல். கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்குக் கட்-ஆஃப் கணக்கிட்டுத் தரவரிசை வருகிறது. 2018 முதல் கலந்தாய்வு இணையவழி. சுற்று தொடங்கியதும் விருப்பங்களைப் பதிய இரண்டு மூன்று நாள் தருகிறார்கள். எத்தனை விருப்பம் வேண்டுமானாலும் போடலாம், வரம்பில்லை. இந்த வரம்பில்லாமைதான் பலரைக் கவிழ்க்கிறது. எதற்கும் இருக்கட்டும் என்று நூறு நூற்றைம்பது கல்லூரியைப் போட்டுவிடுகிறார்கள். கணினிக்கு நம் வீடு எங்கே என்று தெரியாது. மேலிருந்து கீழாகப் பார்த்து, நம் தரவரிசைக்குக் கிடைக்கிற முதல் இடத்தை ஒதுக்கிவிடும். போகவே மாட்டேன் என்கிற ஊர்க் கல்லூரியை இருபதாவது இடத்தில் போட்டு, போடிக் கல்லூரியை முப்பதாவதாகப் போட்டால் இருபதாவதுதான் வரும். போடியில் இடம் இருந்தாலும் கிடைக்காது.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் இரண்டு நாளில் பதில் சொல்ல வேண்டும். ஏற்றுச் சேர்கிறேன் என்று சொன்னால் இறுதி ஒதுக்கீட்டுக்குப் பிறகு குறித்த நாளுக்குள் கல்லூரிக்கே போய்க் கட்டணம் கட்டிச் சேர வேண்டும். ஏற்றுக்கொண்டு மேலே உள்ள விருப்பத்துக்குக் காத்திருக்கிறேன் என்று சொன்னால் உதவி மையத்தில் கட்டணம் கட்டிப் பதிய வேண்டும். இந்த இரண்டாவதில்தான் பெரிய சிக்கல். மேலே உள்ள இடம் கிடைத்துவிட்டால் கையில் இருந்த இடம் தானாகவே போய்விடும், 'பழையதே போதும்' என்று திரும்ப முடியாது. தினமும் போய்வரக்கூடிய இடம் கையில் இருக்க, மேலே பெயருக்குப் போட்டு வைத்த தொலைதூரக் கல்லூரி இழுத்துக்கொண்டு போன பிறகு, 'அவ்வளவு தூரம் எப்படி அனுப்புவது' என்று வீட்டில் சண்டை வந்து, கடைசியில் இடத்தையே விட்டவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளை பிறகு நிர்வாக ஒதுக்கீட்டில் நன்கொடை கொடுத்துப் பக்கத்துக் கல்லூரியில் சேர்கிறது. அல்லது ஓர் ஆண்டு வீணாகிறது.

ஆகவே பட்டியல் போடுவதற்கு ஒரு வாரம் முன்பே ஒரு தாளில் ஒவ்வொரு கல்லூரிக்கும் நேராக நான்கு விவரம் எழுதுங்கள். வாசலிலிருந்து வகுப்பறைக்கு ஆகும் நேரம், கடைசியாக வீடு திரும்ப உள்ள பேருந்தின் நேரம், தங்கினால் ஆண்டுச் செலவு, போய்வந்தால் ஆண்டுச் செலவு. நேரத்தை வரைபடச் செயலியில் பார்க்காதீர்கள். ஒரு வேலை நாளில், முடிந்தால் திங்கட்கிழமை காலை, பிள்ளையும் பெற்றோரும் பேருந்தில் ஏறி எட்டே முக்காலுக்குக் கல்லூரி வாசலில் நிற்க முடிகிறதா என்று போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காரில் போய்ப் பார்ப்பதில் பயன் இல்லை. நான்கு விவரமும் எழுதிய பிறகு, இடம் கிடைத்தால் நிச்சயம் அனுப்புவோம் என்று வீடு மொத்தமும் ஒப்புக்கொண்ட கல்லூரி மட்டும் பட்டியலில் ஏறட்டும். பெயரை மட்டும் பார்த்துப் பதியாமல் கல்லூரியின் குறியீட்டு எண்ணைச் சரிபாருங்கள். ஏறக்குறைய ஒரே பெயரில் வெவ்வேறு மாவட்டங்களில் கல்லூரிகள் இருக்கின்றன. 'சென்னை' என்று விளம்பரம் செய்யும் கல்லூரி திருவள்ளூர் மாவட்டத்திலோ காஞ்சிபுரம் மாவட்டத்திலோ இருக்கும்.

செலவுக் கணக்கிலும் ஒரு பிழை வழக்கமாக நடக்கிறது. விடுதிக் கட்டணத்தையும் பேருந்துக் கட்டணத்தையும் நேருக்கு நேர் வைத்து 'விடுதி கட்டுபடியாகாது' என்று முடிக்கிறார்கள். தொகை கல்லூரிக்குக் கல்லூரி மாறும். கணக்கு முறைக்காக மட்டும் ஒரு எடுத்துக்காட்டு: விடுதியும் உணவும் சேர்த்து ஆண்டுக்கு 85,000 ரூபாய், கல்லூரிப் பேருந்து 45,000 ரூபாய் என்று வையுங்கள். வித்தியாசம் 40,000. வீட்டிலிருந்தால் பிள்ளைக்குச் சாப்பாட்டுச் செலவு இல்லையா? மாதம் 2,000 என்றாலும் பத்து மாதத்துக்கு 20,000. மிச்ச வித்தியாசம் 20,000, மாதத்துக்கு 2,000. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. 2024 ஆகஸ்டிலிருந்து பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே தொகை. அந்தப் பணத்தை விடுதிக்கே ஒதுக்கினால் வீடு கூடுதலாகப் போட வேண்டியது மாதம் 1,000 ரூபாய். நாளுக்கு ஐந்தாறு மணி நேரத்தை மீட்க இது அதிக விலையா?

இதற்கு மேலும் உதவிகள் உண்டு. 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டில் இடம் பெறும் அரசுப் பள்ளி மாணவருக்குக் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே செலுத்துகிறது. தூரம் என்பதற்காக நல்ல கல்லூரியை விட்டுவிட இவர்களுக்குக் காரணமே இல்லை. ஆனாலும் இவர்களில்தான் வீட்டருகே எது என்று தேடுகிறவர்கள் அதிகம், விடுதியும் இலவசம் என்று பள்ளியில் யாரும் எடுத்துச் சொல்லாததால். பட்டியலின மாணவருக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் பொறியியல் போன்ற முதல் பிரிவுப் படிப்புக்கு விடுதியில் இருப்பவருக்கு ஆண்டுக்கு 13,500 ரூபாய், வீட்டிலிருந்து போகிறவருக்கு 7,000. விண்ணப்பத்தில் 'விடுதி' என்று குறிக்காமல் விட்டால் 6,500 ரூபாய் போய்விடும். கல்விக் கடன் வாங்கினால் அதில் விடுதிக் கட்டணமும் சேரும், 4 லட்சம் வரை பெற்றோர் முன்பணம் போட வேண்டியதில்லை. வித்யாலட்சுமி தளத்தில் விண்ணப்பிக்கும்போது கல்லூரி தரும் கட்டண விவரச் சான்றில் விடுதியும் உணவும் தனி வரியாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அது இல்லாவிட்டால் வங்கி கல்விக் கட்டணத்துக்கு மட்டும்தான் கடன் தரும்.

அரசு நலத் துறைகளின் கல்லூரி விடுதிகள், இப்போது சமூகநீதி விடுதிகள் எனப் பெயர் மாற்றப்பட்டவை, மதுரை போன்ற நகரங்களில் இருக்கின்றன. உணவும் தங்குமிடமும் இலவசம், வருமான வரம்பு உண்டு. பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் விடுதிகளில் வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையே 8 கிலோமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும் என்ற விதி மாணவர்களுக்கு உண்டு, மாணவிகளுக்கு இல்லை. தனியார் கல்லூரியில் படிப்பவரும் இங்கே தங்க விண்ணப்பிக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. சாதி, வருமானச் சான்றுகளைப் பிளஸ் டூ தேர்வு முடிந்த ஏப்ரலிலேயே இ-சேவை மையத்தில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். ஜூலையில் வருமானச் சான்றுக்கு அலைந்து விடுதி இடத்தைத் தவறவிடுவது ஒவ்வோர் ஆண்டும் நடக்கிறது.

கல்லூரி விடுதியைப் பார்க்கப் போகிறவர்கள் வரவேற்பறையோடு திரும்பாதீர்கள். அறைக்கு எத்தனை பேர், குளியலறையில் காலை ஏழு மணிக்குத் தண்ணீர் வருகிறதா, உணவுக் கட்டணம் மாதாமாதம் நிலையான தொகையா அல்லது ஆன செலவைத் தலைக்கு வகுக்கும் டிவைடிங் முறையா என்று கேளுங்கள். அரசுக் கல்லூரிகளில் வகுக்கும் முறைதான் பெரும்பாலும், அது மலிவு. ஆனால் பாதிப் பேர் ஊருக்குப் போன மாதத்தில் தலைக்கு வரும் தொகை ஏறும். முதலாண்டுக்கு மட்டும்தான் விடுதி உறுதியா, நான்கு ஆண்டுக்குமா என்பது மிக முக்கியம். இரண்டாம் ஆண்டில் வெளியே அறை தேட வேண்டி வந்தால் கணக்கெல்லாம் மாறிவிடும்.

பெண் பிள்ளைகள் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். 'பொம்பளப் பிள்ளையை எப்படி வெளியூரில் தங்கவைப்பது' என்று கேட்டு, மதுரைக்குத் தினமும் அனுப்புகிறார்கள். மார்கழி மாதம் காலை ஐந்தே முக்காலுக்கு இருட்டில் நிறுத்தத்தில் நிற்கிறது அந்தப் பிள்ளை. மாலை ஏழரைக்கு இருட்டிய பிறகு இறங்கி, நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு நடந்து வருகிறது. வண்டி பழுதானால் ஒன்பது மணி. பாதுகாப்பு என்று நினைத்துச் செய்யும் ஏற்பாடு ஒவ்வொரு நாளும் இரண்டு முறை அந்தப் பிள்ளையை இருட்டில் நிறுத்துகிறது. கல்லூரி வளாகத்துக்குள்ளேயே இருக்கிற மாணவியர் விடுதியில், மாலை ஆறரைக்கு வருகைப் பதிவு எடுக்கிற இடத்தில் இருப்பது இதைவிட ஆபத்தா? பையனைச் சென்னைக்கு அனுப்பிவிட்டு, அவனைவிடக் கூடுதல் மதிப்பெண் வாங்கிய தங்கையைப் பக்கத்துக் கல்லூரியோடு நிறுத்துவது அநியாயம். அவள் 190 கட்-ஆஃப் வாங்கியது அதற்காக அல்ல.

தொலைவில் தங்குகிறவர்கள் ஊர் வந்து போவதற்கு ஒரு குறிப்பு. விடுமுறைக்குச் சொந்த ஊர் வர மாணவருக்கு இரண்டாம் வகுப்பிலும் படுக்கை வகுப்பிலும் ரயில் கட்டணத்தில் பாதி சலுகை, பட்டியலின மாணவருக்கு 75 விழுக்காடு. கல்லூரி முதல்வர் கையெழுத்திட்ட சலுகைப் படிவத்தோடு நிலைய முன்பதிவு மையத்தில்தான் எடுக்க வேண்டும், இணையத்தில் கிடைக்காது, தட்கலிலும் இல்லை. 2024 நவம்பரிலிருந்து முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. தீபாவளி, பொங்கல் தேதிக்கு 60 நாளைப் பின்னோக்கி எண்ணி, அதற்கு ஒரு வாரம் முன்பே படிவத்தில் கையெழுத்து வாங்கி வைத்தால் தனியார் சொகுசுப் பேருந்துக்கு இரண்டு மடங்கு கொடுக்க வேண்டியதில்லை. சேர்ந்த முதல் மாதம் வாராவாரம் ஓடிவருவதை மட்டும் பெற்றோர் ஊக்குவிக்க வேண்டாம். வெள்ளி இரவு கிளம்பித் திங்கள் காலை தூங்கி வழியும் பிள்ளைக்கு விடுதியும் பழகாது, வீட்டு நினைப்பும் போகாது.

அரசுக்கும் அண்ணா பல்கலைக்கழகத்துக்கும் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்துக்கும் சில கோரிக்கைகள். கலந்தாய்வு இணையதளத்தில் ஒவ்வொரு கல்லூரிப் பெயருக்கும் அடியில் விடுதி இடங்களின் எண்ணிக்கை ஆண், பெண் தனித்தனியாக, விடுதி மற்றும் உணவுக் கட்டணம், பேருந்துத் தடங்கள், ஒவ்வொரு தடத்தின் முதல் நிறுத்தமும் அங்கே வண்டி புறப்படும் நேரமும், அருகிலுள்ள பேருந்து நிலையம் அல்லது ரயில் நிலையத்திலிருந்து தூரம் இவற்றைக் கட்டாயம் வெளியிடச் செய்ய வேண்டும். பிறகு கூடுதலாக வாங்கினால் அந்தப் பக்கத்தை நகலெடுத்தே புகார் கொடுக்கலாம். அரசு நல விடுதி விண்ணப்பத்தைக் கலந்தாய்வோடு இணைத்து, கல்லூரி ஒதுக்கீட்டு ஆணையிலேயே விடுதி ஒதுக்கீடும் வரும்படி செய்தால் வகுப்பு தொடங்கிய பிறகு ஒரு மாதம் உறவினர் வீட்டிலிருந்து அலைய வேண்டியிராது. ஒதுக்கீட்டை ஏற்பதற்குத் தரும் நாட்களில் ஒரு சனி, ஞாயிறாவது இருக்கும்படி அட்டவணை போட வேண்டும். கூலி வேலைக்குப் போகும் பெற்றோர் தேனியிலிருந்து சேலம் போய்க் கல்லூரியையும் விடுதியையும் பார்த்துவிட்டு வர அது ஒன்றுதான் வழி. பன்னிரண்டாம் வகுப்பு வழிகாட்டல் வகுப்புகளில் பாடப்பிரிவுகளைப் பற்றிப் பேசும் ஒரு மணி நேரத்தில் கால் மணி நேரத்தை விடுதி, உதவித்தொகை, பயணச் சலுகை ஆகியவற்றுக்கு ஒதுக்கி, 7.5 விழுக்காட்டில் விடுதிக் கட்டணமும் அரசுடையது என்பதைப் பெற்றோர் முன்னிலையில் சொல்லும்படி பள்ளிக் கல்வித் துறை சுற்றறிக்கை அனுப்பட்டும். இந்த ஆண்டு விருப்பப் பதிவு தொடங்குவதற்கு முன்பே அனுப்பட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற முதுகலை ஆசிரியர்,
தேனி மாவட்டம்.